சாரைப்பாம்புக்கு ஒரு வாய்ச் சோறு

மந்தியூர் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டாம். வழி தெரிந்தால் யாராவது போய்விடுவார்கள். போனவன் திரும்பி வந்தாலும் பழைய ஆளாக வரமாட்டான்.

அந்த ஊர் நெல்லை எலி தின்றது. பூனை வளர்க்கலாம் என்று ஒரு பேச்சு. பூனை பால் கேட்கும், வேண்டாம் என்று முடிவாயிற்று. பாம்பு எதுவும் கேட்காது. ஆகவே பாம்பு பிடிக்கிறவர் ஒருவரிடம் ஒரு சாரைப்பாம்பை வாங்கினார்கள்.

அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “கண்மாய்க்கரைப் புத்துல பிடிச்சது. விஷம் கிடையாது. விருந்தாளி மாதிரி பாத்துக்கிடுங்க. எலியைப் போட்டா திங்கும். ஆனா யாராச்சும் பாத்துக்கிட்டே இருந்தா திங்காது. முதல்ல அதுக்கு வையுங்க, அப்புறம் நீங்க சாப்பிடுங்க.”

நல்ல மனிதர். யாரிடம் சொல்கிறோம் என்பதைத்தான் பார்க்கவில்லை.

நாட்டாமை சடையாண்டி உடனே ஊரைக் கூட்டினார். “விருந்தாளி சாப்பிடாம இந்த ஊர்ல ஒருத்தன் வாயிலயும் ஒரு பருக்கை போகக் கூடாது” என்றார். பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. அவர்களுக்குக் கொஞ்சம் புத்தி இருந்ததால் ஊர்க் காரியம் எதிலும் சேர்ப்பதில்லை.

கூட்டத்தில் வீரணன் என்று ஒருவன் இருந்தான். ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பிடுகிறவன் அவன். நடுவில் தின்பதற்கெல்லாம் வேளை என்று பெயர் கிடையாது.

“சீக்கிரம் இலையைப் போடுங்கப்பா, பாவம், பசியோட வந்திருக்கும்” என்றான். பாம்பின் மேல் அப்படி ஓர் அக்கறை.

ஊர்ச்சாவடியில் வாழை இலை விரித்துச் சோறு போட்டு, சாம்பாரும் ஊற்றினார்கள். பாம்பு இலைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

“இலைக்குக் கீழ போயிருச்சே?”

“புது இடம்லா, கூச்சப்படுது” என்றான் ஒச்சப்பன். ஒச்சப்பன் விவரமானவன். பக்கத்து ஊர் வரை போய், யாரிடமும் வழி கேட்காமல் திரும்பி வந்திருக்கிறான்.

விருந்தாளியை வற்புறுத்தாமல் விடலாமா? நாட்டாமையே கரண்டியை எடுத்தார். “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வெக்கப்படாதீக” என்று கொதிக்கிற சாம்பாரை இலையைத் தூக்கி ஊற்றினார். பாம்பு வாலை உதறிக்கொண்டு உத்தரத்தில் ஏறிவிட்டது. அதை இறக்குவதற்குள் பொழுது சாய்ந்தது.

“கோவிச்சுக்கிட்டாக” என்றாள் வீரணன் பெண்டாட்டி பேச்சியம்மா. “சாம்பார்ல உப்புக் கம்மி.”

மறுநாள்தான் எலி ஞாபகம் வந்தது. எலிக்கு அலைய வேண்டியதில்லை. கூப்பிட்டால் வருகிற ஊர் அது. ஒன்றைப் பிடித்து இலையில் விட்டார்கள். இலையில் சோறு இருந்தது. எலி உட்கார்ந்து சாப்பிட்டது.

“எலியில்ல திங்குது?” என்று அலறினான் வீரணன்.

“திங்கட்டும்டா. கூட ஒரு ஆளு உக்காந்து சாப்பிட்டாத்தான் விருந்தாளிக்கும் சாப்பிடத் தோணும்” என்றார் நாட்டாமை.

எலி இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டது. பாம்பு பார்த்துக்கொண்டிருந்தது. வீரணனும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரில் வீரணன்தான் நாக்கை அதிகமாக நீட்டினான்.

மூன்றாம் நாள் வீரணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொண்டான். “பாத்துக்கிட்டே இருந்தா திங்காதுன்னாரே! நாம எல்லாரும் சுத்தி நின்னு பாத்தா எப்படி?”

ஊரே முதுகைக் காட்டி நின்றது. அப்போது வீரணன் விரலை நீட்டினான்.

“எலி பாக்குதே.”

எல்லோரும் யோசித்தார்கள். உண்மைதான். எலி கண் கொட்டாமல் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

“யாராச்சும்னா அதுல எலியும் சேத்தியா?” என்று கேட்டார் நாட்டாமை.

“எலி இல்லைன்னு அவர் சொல்லலையே” என்றான் ஒச்சப்பன்.

வாழை நாரால் எலியின் கண்ணைக் கட்டினார்கள். மறுபடி முதுகைக் காட்டி, கண்ணை மூடி, நூறு எண்ணினார்கள். நாற்பதுக்கு மேல் யாருக்கும் தெரியாததால் நாற்பதையே மூன்று தடவை எண்ணினார்கள்.

திரும்பினால் எலியைக் காணோம். பாம்பு நடுவில் வீங்கிக் கிடந்தது.

“எலி ஓடிப்போச்சு” என்று உட்கார்ந்துவிட்டான் வீரணன்.

“கண்ணைக் கட்டியிருந்தோமேடா?”

“அதனாலதான் நின்ன இடம் தெரியாமப் போயிருச்சு.”

பேச்சியம்மா குனிந்து பாம்பின் வயிற்றைப் பார்த்தாள். எட்டுப் பிரசவம் பார்த்தவள். “அட கூறுகெட்ட மனுசங்களா, இது மாசமால்ல இருக்கு! மசக்கையில எவளுக்கு வாயில சோறு எறங்கும்?”

“புருசன் யாரு?” என்று மெதுவாகக் கேட்டான் ஒச்சப்பன்.

“வந்த எடத்துல அதையெல்லாம் கேக்கலாமாடா?” என்று நாட்டாமை அதட்டினார். “முதல்ல வளைகாப்பைப் போடுங்க.”

வளைகாப்பு என்றதும் வீரணனுக்கு உயிர் வந்தது. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல், ஐந்தும் வெந்தன. வாசனை பிடித்தே இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

வளையல் போடும்போது ஒரு சிக்கல் வந்தது. “கையே இல்லையே!”

“கை தனியா இல்லேன்னா முழுசும் கைதான்” என்றான் ஒச்சப்பன். வால் பக்கமாக ஒன்பது கண்ணாடி வளையல் ஏற்றினார்கள். வயிற்றுக்கு வந்ததும் நின்றது. அளவு எடுத்தது போல இருக்கிறது என்று பெண்கள் மெச்சினார்கள்.

ஐந்து சோற்றையும் முன்னால் வைத்தார்கள். முழு எலியை விழுங்கிய பாம்பு புளிச்சோற்றையா தொடும்? தலையைத் திருப்பிக்கொண்டது.

வீரணன் தன் பெண்டாட்டி காலில் விழாத குறை. “அடியே, இது எங்க போனாத்தான் திங்கும்?”

“எங்க போனா திங்கும்? ஆத்தா வீட்டுக்குப் போனாத் திங்கும். தலைப்பிரசவம் வேற.”

அப்புறம் என்ன, கட்டுச்சோறு கட்டினார்கள். பாம்புக் கூடை நாட்டாமை தலையில். சோற்று அண்டா வீரணன் தலையில். மேளம் முன்னால் போனது. வழியெல்லாம் புளிச்சோற்று எண்ணெய் அவன் நெற்றியில் வழிந்தது. அதை நக்கலாமா என்று கேட்டான். கூடாது என்றார்கள்.

கண்மாய்க்கரைப் புற்று வாசலில் கூடையைத் திறந்தார்கள். பாம்பு வளையல்களை வாசலிலேயே உதிர்த்துவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போய்விட்டது.

“பொறந்த வீட்டைப் பாத்ததும் என்ன வேகம்!” என்று பேச்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீரணன் புற்றில் வாயை வைத்துக் கத்தினான். “அம்மா, பிள்ளை சாப்பிட்டாச்சா?”

காதை வைத்துப் பார்த்துவிட்டு அண்டா பக்கம் திரும்பினான்.

“அப்ப நாம இந்த அண்டாவையாச்சும்...”

“சீ! பொண்ணுக்குக் கொண்டுவந்த கட்டுச்சோத்தைத் தானே தின்ன ஊருன்னு பேரெடுக்கவா?” என்றார் நாட்டாமை. “பொண்ணைக் கொண்டுவந்து விட்டிருக்கோம். வெறும் வயித்தோட அனுப்பிருவாகளா? அவுக சாப்பிடச் சொன்னா, பொண்ணு சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். உக்காருங்க.”

புற்றுக்கு எதிரே ஊரே வரிசையாக உட்கார்ந்தது. இலை விரித்தார்கள். தண்ணீர் தெளித்துத் துடைத்தார்கள். பொழுது மேற்கே இறங்கியது. நிறைந்த அண்டா பக்கத்திலேயே இருந்தது.

“வரமாட்டாக போலிருக்கே” என்று வீரணன் அழ ஆரம்பித்தான்.

அப்போது புற்றுக்குள்ளிருந்து “ஸ்ஸ்ஸ்...” என்று ஒரு சத்தம் கேட்டது.

ஒச்சப்பன் விரலை உதட்டில் வைத்தான். “சும்மா இரு. உள்ள தாளிக்கிறாக.”

வீரணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலையைப் புற்றுப் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டான்.