புல்லாங்குழலுக்கு ஆள் இல்லை

"மூணு வருஷம் ஆச்சு டீச்சர். இன்னும் ஒரு வார்த்தை என் வாயில வரல" என்றார் ஆறுமுகநயினார்.

ஜெபமலர் டீச்சர் மாடி ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை.

"இப்ப பேசுனது என்ன அண்ணாச்சி?"

"பேச்சைச் சொல்லல. பாட்டைச் சொல்லுதேன்."

விஷயம் இதுதான். பாளையங்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு பேர் கூடுவார்கள். பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடுவார்கள். ஆர்மோனியம் கிடையாது, தபேலா கிடையாது, ஒரு ஜால்ரா கூடக் கிடையாது. எல்லாம் வாய்தான். ஊர்க்காரர்கள் வைத்த பேர் வெறும்வாய் கோஷ்டி. பேர் வைக்க ஊருக்குச் சொல்லியா கொடுக்கணும்?

டீச்சர் ஒரு பாட்டை எடுத்தால் கோழியைப் பங்கு வைப்பது மாதிரி பங்கு வைத்துவிடுவார். தபேலா ஒருத்தர் வாய்க்கு. வயலின் இரண்டு பேர் வாய்க்கு. அடியில் இழுக்கிற கட்டைக் குரல் ஒருத்தருக்கு. வார்த்தை எல்லாம் ராபின்சனுக்கு. புல்லாங்குழல் நயினாருக்கு.

நயினார் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். வயது அறுபத்தொன்று. டீச்சருக்கு முப்பத்து நாலு. குருவுக்குத் தாடி இருக்கவேண்டும், சிஷ்யனுக்கு மீசை முளைத்திருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

"வார்த்தை இல்லாட்டி என்ன?" என்று கேட்டார் டீச்சர்.

"வீட்ல வரமாட்டேங்கா டீச்சர்."

வீட்டில் என்றால் உலகம்மாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம். கோஷ்டி இதுவரை பதினோரு கச்சேரி பாடியிருக்கிறது. ஒன்றுக்குக் கூட அவள் வந்ததில்லை.

"என்ன சொல்லுதாங்க?"

"'முப்பது வருஷம் பஸ்ல விசில் ஊதுனது பத்தாதா, மேடையில வேற ஏறி ஊதணுமா'ங்கா. 'உங்க வீட்டுக்காரரு எந்த வரி பாடுனாருன்னு தெருவுல கேக்காவ, நான் என்னத்தச் சொல்ல'ங்கா."

"சரி. கடைசியா?"

"'என்னைக்கு ஒரு வார்த்தை பாடுதீங்களோ அன்னைக்கு வாரேன்'னுட்டா."

ஒவ்வொரு கச்சேரியிலும் மனுஷன் வாசலையே பார்த்துப் பாடுவார். வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் அது அவருக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

"இந்தத் தடவையும் வார்த்தை இல்லேன்னா நான் வரல டீச்சர். வேற ஆள் பாத்துக்கிடுங்க."

டீச்சர் ஜன்னல் கொக்கியை மாட்டினார்.

"சைக்கிள் பாட்டு உங்களுக்கு அண்ணாச்சி."

"எந்த வரி?"

"எல்லா வரியும். பல்லவி, சரணம், முழுக்க. ராபின்சன் கட்டைக் குரலோட சேந்துக்கிடட்டும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராபின்சன் முகம் சுண்டிப்போயிற்று. டீச்சர் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

சைக்கிள் பாட்டு தெரியாதவர் ஊரில் இல்லை. கதாநாயகன் ஆற்றங்கரை ரோட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டே பாடுவான். பல்லவி முடிந்ததும் புல்லாங்குழல் ஒன்று தனியாகக் கிளம்பும். மேலே ஏறி, வளைந்து வளைந்து இறங்கும். வரிகளை மறந்தவர்கள் கூட அந்த இடத்தை மறக்கமாட்டார்கள். டீக்கடை ரேடியோவில் அது வந்தால் மாஸ்டரின் ஆற்றுகிற கை கொஞ்சம் மெதுவாகும்.

நயினாருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப புல்லாங்குழல் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

"அந்த இடத்துல?"

"ஒண்ணும் இல்ல."

ராபின்சன் குறுக்கே வந்தார். "அது முப்பத்திரண்டு எண்ணிக்கை டீச்சர். அவ்வளவு நேரம் ஆறு பேரும் மரம் மாதிரி நிக்கணுமா? மைக் போயிருச்சுன்னு நெனச்சு செட்டுக்காரரு மேடைக்கு ஓடி வந்துருவாரு."

"வரட்டும்" என்றார் டீச்சர்.

அன்றைக்கே பாடிப் பார்த்தார்கள். நயினார் பல்லவியைக் கணீரென்று எடுத்தார். முப்பது வருஷம் ஸ்டாப்பிங் பேரைக் கத்திய குரல் ஆச்சே, திண்மைக்கு என்ன குறை? பல்லவி முடிந்தது. எல்லாரும் விரலில் எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது எண்ணிக்கையில் நயினாரின் உதடு தன்னால் குவிந்தது.

டீச்சர் ஒரு விரலைத் தூக்கினார்.

"வார்த்தைக்காரருக்கு வார்த்தை மட்டும்தான் அண்ணாச்சி."

"வாய் தானா போகுது டீச்சர்."

"பிடிச்சு நிறுத்துங்க."

நாலு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. பாட்டு நன்றாகத்தான் வந்தது. அந்த முப்பத்திரண்டு மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது. நாக்கு சும்மா சும்மா அங்கேயே போகும்.

நாலாவது சனிக்கிழமை எல்லாரும் இறங்கிப் போன பிறகு நயினார் மட்டும் படியில் நின்றார்.

"அந்த இடத்துல என்னதான் இருக்கு டீச்சர்?"

"நீங்க சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பயப்படுதீங்க?"

டீச்சர் பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். இப்படி நடுவில் விட்டுவிட்டுப் போகிறவரிடம் பாட்டுக் கற்கப் போவதற்கு ஒரு பொறுமை வேண்டும், சாமி.

வீட்டில் உலகம்மாள் முதலில் நம்பவில்லை.

"நெசமாவா?"

"நெசம்தான். முழுப் பாட்டும் நான்தான்."

"வார்த்தையோடவா?"

"வார்த்தையோடதான்."

உலகம்மாள் எழுந்து போனாள். பீரோவைத் திறந்தாள். அரக்குக் கலர் பட்டுச்சேலையை எடுத்து உதறி, கொடியில் போட்டாள். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கட்டினது, அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை.

நயினார் கொடிப்பக்கம் பார்க்காமல் வாசலுக்கு வந்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்து ஒரே ஒரு நாள் வருகிறாள். அன்றைக்குப் பார்த்து பாட்டு நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கப்போகிறது.

கச்சேரி அன்று மத்தியானம் நயினார் டீச்சர் வீட்டுக்கே போய்விட்டார். டீச்சர் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ரெண்டையும் நானே பாடிருதேன். வார்த்தையும் பாடுதேன், குழலும் பாடுதேன்."

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப வார்த்தையை ராபின்சன்கிட்டயே குடுத்துருங்க. குழல் எனக்கு."

"நீங்கதானே கேட்டீங்க?"

"அவ பட்டு உடுத்திட்டு வாரா டீச்சர். நடுவுல பாட்டு செத்துக் கிடந்தா என் மானம் போயிரும். அவ மானமும் சேந்து போயிரும். அப்புறம் சாகுற வரைக்கும் வரமாட்டா."

டீச்சர் அவரை ஒரு தடவை பார்த்தார். டப்பாவிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். அப்புறம் இன்னொன்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.

வாயை மூடச் சொல்கிறார் என்று புரிந்து, நயினார் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறென்ன செய்ய? "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒரு வாசகர் சங்கத்தின் ஆண்டு விழா அது. இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மூன்றாவது வரிசை ஓரத்தில் உலகம்மாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நயினார் பல்லவியை எடுத்தார். முதல் வரியில் குரல் ஆடியது. இரண்டாவது வரியில் சரியாகிவிட்டது. உலகம்மாள் பக்கத்து நாற்காலிக்காரியின் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு" என்றுதான் இருக்கும். வேறு எதைச் சொல்லப்போகிறாள்?

பல்லவி முடிந்தது. டீச்சர் கையை மூடினார். ஆறு பேரும் வாயை மூடினார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். ராபின்சன் சொன்ன மாதிரியே செட்டுக்காரர் எழுந்துவிட்டார். நயினாருக்குக் காது மடல் சுட்டது. மூன்றாவது வரிசைப் பக்கம் போகாதே என்று கண்ணை இழுத்துப் பிடித்துத் தரையைப் பார்த்தார்.

ஏழாவது எண்ணிக்கையில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மூக்கால் முனகினார். புல்லாங்குழல். தான் முனகுவதே அவருக்குத் தெரியவில்லை. பின்னால் ஒருவர் சேர்ந்துகொண்டார். அப்புறம் இன்னொருவர். பத்து எண்ணுவதற்குள் மண்டபமே அதை எடுத்துக்கொண்டது. ஆளுக்கு ஒரு சுருதி. ஆனால் ஏற்றமும் வளைவும் அந்தந்த இடத்தில் சரியாக விழுந்தன. செட்டுக்காரர் நின்றபடியே தலையாட்டினார்.

இருபத்தெட்டு. முப்பது. முப்பத்திரண்டு.

மண்டபம் முடித்தது. டீச்சர் கையை இறக்கினார். சரணம்.

மூன்றாவது வரிசையில் ஒரு குரல் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருந்தது. மெல்லிய குரல். நடு இறக்கத்தில் நின்றது. மூச்சு வாங்கியது. விட்ட இடத்துக்கு ஒரு படி மேலே போய்த் திரும்பவும் இறங்க ஆரம்பித்தது.

நயினார் தலையைத் தூக்கினார்.

படத்தில் ஊதியவர் அந்த இறக்கத்தை ஒரே மூச்சில் முடித்திருப்பார். நயினாருக்கு அந்த மூச்சு கிடையாது. நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கி, ஒரு படி மேலே போய்த்தான் இறங்குவார். மேடையில் அது ஒருத்தருக்கும் தெரிந்ததில்லை. அந்த இடம் வந்தால் வயலின் இரண்டும் சத்தத்தைக் கூட்டி மூடிவிடும். அது டீச்சரின் ஏற்பாடு. வீட்டில் குளிக்கும்போதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் பாடிப் பழகினாரே, அங்கே உலகம்மாள் காதுக்கு மறைக்க ஏது வயலின்?

உலகம்மாள் கண்ணை மூடியிருந்தாள். கைப்பை நழுவித் தரையில் கிடந்தது. ஊர் முடித்துவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணாச்சி" என்றார் டீச்சர், உதடு அசையாமல். "சரணம்."

"பொறுங்க டீச்சர்" என்றார் நயினார். "அவ இன்னும் முடிக்கல."