கணக்கப்பிள்ளை இடுப்பிலிருந்த சாவி

தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி. ஒதுங்க ஒரு முள்செடிகூடக் கிடையாது. அங்கே உப்புச் சுமக்கும் பேச்சித்தாய், ஆறு மாதக் கர்ப்பிணியான தன் நாத்தனார் வேல்கனியையும் வேலைக்குக் கூட்டிவந்தாள். வேல்கனியின் புருஷன் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து, கால் முறிந்து கிடந்தான். அடுப்பெரிய வேறு வழியில்லை.

முதல் நாளே பேச்சி சொல்லிவிட்டாள்: "ஏட்டி, சாயங்காலம் வரைக்கும் தண்ணியத் தொடாத. பொறவு எங்க போயி ஒதுங்குவ?"

"சரி மைனி."

அளத்தில் கழிப்பறை இல்லாமல் இல்லை. முதலாளி டைல்ஸ் பதித்தே கட்டியிருந்தார். அசிங்கமாகிவிடும் என்று பூட்டி, சாவியைக் கணக்கப்பிள்ளை சவரிமுத்துவிடம் கொடுத்திருந்தார். சவரிமுத்து தங்கமான மனிதர், கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனால் ஓர் ஆம்பளையிடம் போய் அந்தச் சாவியை எந்தப் பெண் கேட்பாள்? ஒருத்தியும் கேட்டதில்லை. முதலாளியின் மகள் அளம் பார்க்க வந்த அன்று மட்டும், முதலாளி சொல்லி, அவள் காரைவிட்டு இறங்குமுன்பே கதவு திறந்திருந்தது. வாளியில் தண்ணீரும் நிறைந்திருந்தது.

ஒரு மத்தியானம் வேல்கனி காய்ச்சலில் நடுங்கிக் கூடையோடு சரிந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்தே பிறந்தது.

"தண்ணி குடிக்காம, மூத்திரத்த அடக்கி அடக்கி, கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கு. அதுலதான் வலி முன்னாலயே வந்துட்டு. யாரும்மா இவளத் தண்ணி குடிக்காதன்னு சொன்னது?" என்றார் டாக்டரம்மா.

பேச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாசத்தில் சொன்ன சொல்லா பிள்ளையைக் கொன்றது?

சேதி கேட்டு முதலாளியும் ஆடிப்போனார். "கட்டித்தானய்யா வச்சிருக்கேன்!" என்றார். கணக்கப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டு நான் யாருக்கு இல்லன்னேன்?"

குடிக்காதே என்றவள் ஒருத்தி. கட்டிப் பூட்டியவர் ஒருவர். கேட்கட்டும் என்று சும்மா இருந்தவர் இன்னொருவர். சொல்லுங்கள், இந்தச் சாவு யார் தலையில்?

விடை: பேச்சி தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னாள், வேறு வழியை அவளுக்கு யாரும் விட்டுவைக்கவில்லை. சாவியை ஓர் ஆணியில் மாட்டிவைக்கச் சவரிமுத்துவுக்குத் தோன்றவில்லை. அவருக்கும் பங்கு உண்டு. பெரும்பழி முதலாளிக்குத்தான். பெண் கேட்கக் கூசுவாள் என்று தெரிந்தவர்தானே, மகளுக்குக் கேட்காமலே திறந்துவைத்தார்? இந்த விடையைப் பேச்சியிடமும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் இன்றுவரை வேல்கனியின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.