மேகத்துக்குள் ஒரு வசவு

அந்த மலைப் பள்ளியில் பட்டமளிப்புக்கு நாள் குறிப்பது குருவும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை. மேகம்தான்.

சாரல் தொடங்கியபின் ஏதோ ஒரு பிற்பகலில் மேகம் மதிலேறி முற்றத்துக்குள் இறங்கும். எதிரே இருப்பவர் முகம் மறைந்துபோகும். நீட்டிய கை அரைகுறையாகத்தான் தெரியும். உடனே மணியடிப்பார்கள். படிப்பு முடித்தவர்கள் ஒவ்வொருவராக நடுக்கல்லில் ஏறி நின்று விடைபெறும் பேச்சைப் பேச வேண்டும். பேசுகிறவருக்குக் கேட்கிறவர் தெரியமாட்டார். கேட்கிறவருக்குப் பேசுகிறவர் தெரியமாட்டார். குரல் மட்டும் நனைந்து நனைந்து வரும்.

முகம் தெரியாவிட்டால் மனிதன் உண்மை பேசுவான் என்று குரு நினைத்து வைத்த வழக்கம் அது. மேகத்துக்குள்ளும் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள் என்பது வேறு விஷயம். "குருவருளால் இருள் நீங்கி ஒளி பெற்றேன்" என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் அதற்குள் கண்ணயர்ந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குளிரும் அந்தப் பேச்சும் சேர்ந்தால் கல்லும் தூங்கும்.

பேச்சுகளை முன்கூட்டியே வாங்கித் திருத்துகிறவர் தணிகாசலம். குருவின் மூத்த சீடர். ஐம்பது தாண்டியவர், அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர் என்று பேர் வாங்கியவர். பள்ளியின் ஒழுங்கு முழுவதும் அவர் பொறுப்பு. இன்சொல் சட்டம் என்று ஒன்றை அவர்தான் எழுதினார். கடுஞ்சொல் சொன்னவர் ஒரு நாள் முழுக்க வாய் பேசக்கூடாது. விடைபெறும் கல்லில் நின்று சொன்னால் அந்த வருடம் ஓலை கிடையாது. காகிதச் சான்றிதழ்தான், ஆனாலும் அங்கே அதற்கு ஓலை என்றுதான் பேர்.

அந்த வருடம் கடைசியாகக் கல்லில் ஏறியவள் ஆவுடை. பதினைந்து வயதில் வந்தவள், இப்போது இருபது.

"எழுதி வச்சிருந்தது சாரல்ல நனைஞ்சு போச்சு. இனி வாய்க்கு வந்ததைத்தான் சொல்லணும்" என்றது அவள் குரல்.

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்த வருஷம் எனக்கு இங்க பிடிக்கவே இல்ல. ஒரு நாள் யார்ட்டயும் சொல்லாம கிளம்பிட்டேன். இதே மாதிரி மேகம். பழைய பாலத்துப் பக்கமாப் போனேன். முந்தின நாள் வெள்ளத்துல பாலம் போயிட்டுன்னு எனக்குத் தெரியாது. நடந்துக்கிட்டே இருந்தேன். பின்னால இருந்து ஒரு சத்தம். 'நில்லுட்டி, சவத்து மூதி!'"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

"நின்னுட்டேன். காலுக்குக் கீழ தண்ணி இரையுது. இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தா இந்தக் கல்லுல நிக்க நான் இல்ல. திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். அஞ்சு வருஷமாத் தேடுதேன். இங்க எல்லாரும் அவ்வளவு மெதுவாப் பேசுதீங்க, யார் குரல்னு கண்டுபிடிக்க முடியல. அய்யா எனக்கு எவ்வளவோ சொல்லித் தந்திருக்காங்க. ஆனாலும் என் முதல் நன்றி அந்தச் சத்தத்துக்குத்தான். சத்தம் போட்டவங்க இந்த மேகத்துக்குள்ள இருந்தா கேட்டுக்கிடுங்க."

மணி மூன்று முறை அடித்தது. தணிகாசலம்தான் அடித்தார். விழா முடிந்துவிட்டது.

மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் ஏசும்போது மட்டுமில்லை, பெற்றவள் பிள்ளையைக் கொஞ்சும்போதும் வருகிற வார்த்தைதான் 'சவத்து மூதி'. ஆனால் சட்டத்துக்குக் கொஞ்சல் எங்கே தெரியும்?

மற்றவர்கள் ஓலை வாங்கிக்கொண்டு கலைந்த பிறகு, ஆவுடை தகரப்பெட்டியோடு வந்து தணிகாசலத்தின் முன் நின்றாள்.

"அண்ணாச்சி, என் ஓலை?"

"இந்த வருஷம் இல்லம்மா."

"நாளன்னைக்கு அடிவாரத்துல தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்காங்க. ஓலையோட போனாத்தான் டீச்சரா சேத்துக்கிடுவாங்க. அடுத்த வருஷம் வரைக்கும் அந்த வேலை எனக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"நானா யாரையும் ஏசல, அண்ணாச்சி. என்கிட்ட சொன்னதைத்தான் சொன்னேன்."

"உன் வாயிலதான வந்தது?"

"ஆமா."

அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. "பெரிய வாசல்ல இருக்கேன். மேகம் விலகினதும் போயிருதேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெண்மைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் அவள் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

குரு அறை வாசலில் உட்கார்ந்து, காலில் ஏறியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார். வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணும் காதும் மட்டும் இன்னும் கிழடாகவில்லை.

"ஆவுடைக்கு ஓலை இல்லன்னு சொல்லிட்டேன், அய்யா."

"ம்."

"சட்டம் அப்படி."

"நீ எழுதின சட்டம்."

"நீங்க கையெழுத்துப் போட்டது."

"போட்டேன்." அட்டை சுருண்டு விழுந்தது. குரு அடுத்ததைத் தேடினார். "அவளை வேற எப்படி நிறுத்தியிருக்கணும்னு சொல்லுத?"

"'நில்லும்மா, முன்னால பள்ளம் இருக்கு'ன்னு சொல்லியிருக்கலாம். நின்னிருப்பா. இன்சொல் எட்டாத காது கிடையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நானா?"

"முப்பது வருஷத்துக்கு முன்னால."

"இளவயசு. என்னென்னமோ சொல்லியிருப்பேன்."

குரு அடுத்த அட்டைக்கு உப்பு வைத்தார்.

"அந்தச் சத்தம் போட்டது யாருன்னு உனக்குத் தெரியுமா, தணிகாசலம்?"

"மேகம், அய்யா. யாருன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"பாலத்தை வெள்ளம் கொண்டுபோன வருஷம், ஒரு நாள் முழுக்க நீ வாய் திறக்கல. நான் ஏன்னு கேக்கல."

"தொண்டை கட்டியிருந்துச்சு."

"அப்படியா? சொல்லியிருந்தா பனங்கல்கண்டு தந்திருப்பேனே."

தொண்டை கட்டியது பொய் என்று கீழே கிடந்த அட்டைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அன்று மேகத்தில் ஒரு சின்ன உருவம் பள்ளத்தைப் பார்த்து நடப்பதைக் கண்டவர் தணிகாசலம்தான். அந்த ஒரு நொடியில் அவர் பிறந்து வளர்ந்த தெரு முழுவதும் அவர் வாயிலிருந்து குதித்துவிட்டது. அவள் நின்றதும் அவர் பலாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "யாரு? யாரு அங்க?" என்று அவள் கேட்டதும் காதில் விழுந்தது. பதில் சொல்லவில்லை. அதிர்ந்து பேசாதவர் என்ற பேர் போய்விடுமே! ஐந்து வருடமாக ஒவ்வொரு காலையும் அவள் "வணக்கம், அண்ணாச்சி" என்று சொல்லும்போது அவருக்குச் சுருக்கென்று குத்தும். இன்று கல்லில் நின்று அவள் நன்றி சொன்னபோது வலி தாங்கவில்லை. அதனால்தான் அவ்வளவு வேகமாக மணியடித்தார்.

"அவ ஓலையில என் முத்திரை இருக்கு. எடுத்துட்டு வா" என்றார் குரு.

தணிகாசலம் அலுவல் அறைக்குப் போய், ஓலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். அறை வாசலில் உப்புக் கிண்ணம் மட்டும் இருந்தது. குரு இல்லை.

தூரத்தில் மிதியடிச் சத்தம். டக், டக், டக்.

கோயிலுக்குப் போகிறார் போலும் என்று நினைத்து மெல்லப் பின்னால் நடந்தார். மேகம் இடுப்பளவு, கழுத்தளவு, தலைக்கு மேல் என்று ஏறியது. மரங்கள் பாதி பாதியாக வந்து முழுசாக மறைந்தன. எங்கோ ஒரு மாடு கத்தியது, பக்கத்தில் இருக்கிற மாதிரியும் இருந்தது, போன ஜென்மத்தில் இருக்கிற மாதிரியும் இருந்தது. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே அவருக்கு விளங்கவில்லை. இப்படியே இந்தச் சத்தத்தின் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது.

பிறகு ஆற்றின் இரைச்சல் கேட்டது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது கோயில் வழி இல்லை. புதுப் பாலம் மேலே இருக்கிறது. இந்தப் பாதையின் முடிவில் பழைய பாலத்தின் இரண்டு மரத்தூண்களும் ஒரு வழுக்குப் பாறையும்தான். அதற்கப்புறம் வெறும் காற்று.

"அய்யா!"

டக், டக்.

"அய்யா, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போக வேண்டாம்!"

டக், டக்.

"அய்யா, முன்னால பள்ளம் இருக்கு. கொஞ்சம் நின்னு கேக்கணும்!"

மிதியடியின் சத்தம் மாறியது. மண் முடிந்து பாறை தொடங்கிவிட்டது. ஓடினாலும் எட்டாத தூரம். தணிகாசலத்தின் முப்பது வருடத்துப் படிப்பும், எழுதிய சட்டமும், வாங்கிய பேரும் ஒரே மூச்சில் உதிர்ந்துபோயின.

"நில்லும்வே, சவத்து மூதி!"

அந்தக் குரல் ஆற்றைத் தாண்டிப் போய் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. எதிர்மலை ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

மிதியடி நின்றது.

தணிகாசலம் ஓடிப்போய்க் குருவின் போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு மிதியடியின் முன்பாதி பாறைக்கு வெளியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. குருவை இழுத்து வந்து மண்ணில் நிறுத்திய பிறகும் போர்வையை விடவில்லை.

பின்னால் யாரோ ஓடிவந்து மூச்சிரைக்க நின்றார்கள். ஆவுடை. சத்தம் கேட்டதும் பெட்டியைப் பெரிய வாசலிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணாச்சி... நீங்களா?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கும் நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன் ஒளிஞ்சீங்க?"

"அந்த வார்த்தையைச் சொல்லிட்டமேன்னு வெக்கமா இருந்துச்சு."

ஆவுடை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"நீங்க ஏசினது எனக்கு வலிக்கவே இல்ல, அண்ணாச்சி. அன்னைக்கு இந்தப் பாறையில உக்காந்து ரொம்ப நேரம் அழுதேன். ஒருத்தர் பக்கத்துல வந்து நின்னிருந்தாப் போதும்."

தணிகாசலம் மடியிலிருந்த ஓலையை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். ஓரம் நனைந்திருந்தது. அவள் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

மேகம் மூன்று பேரையும் மூடியது, கொஞ்சம் விலகியது, மறுபடியும் மூடியது.

தணிகாசலம் குருவின் காலில் விழுந்தார்.

"அய்யா, என்னை மன்னிச்சிரணும்."

குரு போர்வையைச் சரி செய்துகொண்டார்.

"எதை மன்னிக்கச் சொல்லுத? மூணு தடவை மரியாதையாக் கூப்பிட்டியே, அதையா?"