தூம்பா போகாத தெரு

ஓர் ஊர் மாதா கோயிலின் பின்புறம் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. கோயிலுக்குச் சொந்தமான, ஆனால் பூசைக்கு உதவாத சாமான்களெல்லாம் அங்கேதான் குடியிருந்தன. ஆள் சேர்ந்தால்தான் நகர்கிற பெரிய அண்டா. அதில் கஞ்சி கிண்டுகிற மரத் துடுப்பு. கதவில் தொங்கும் பூட்டு. மூலையில், கறுப்புத் துணி போர்த்திய தூம்பா.

தூம்பா என்பது அந்த ஊரின் பொதுச் சவப்பெட்டி. யார் செத்தாலும் வீட்டிலிருந்து கல்லறைவரை சுமந்து போகும். ஆளைக் குழியில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் திரும்பி வரும். யார் செத்தாலும் என்பது பேச்சுக்குத்தான். கீழத்தெருவில் செத்தால் போகாது. அவர்கள் மூங்கிலில் பாடை கட்டிக்கொள்வார்கள். இப்படி யாரும் சட்டம் போடவில்லை; ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அண்டாவுக்கோ அந்தத் தெரு தண்ணீர் பட்ட பாடு. கோயிலின் சமூகப் பணிக்குழு ஞாயிறு தவறாமல் அங்கே சோறு போட்டு வந்தது. சமைப்பவள் அதே தெருக்காரி, அமலோற்பவம். கூலி வாங்க மாட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பைப் பிடித்தால் அடி பிடிக்காது, உப்பும் தப்பாது.

அந்த அமலோற்பவம்தான் அன்று விடிகாலையில் செத்துப்போனாள். எலிக்காய்ச்சல். போன மாத வெள்ளத்தண்ணீரில் கிடந்து வந்த வினை என்றார் மருத்துவர்.

சேதி கேட்டதும் துடுப்பு நேரே தூம்பாவிடம் திரும்பியது.

"பெரியவரே, கிளம்புற வழியைப் பாரும்."

"எங்கே?" என்றது தூம்பா, தெரியாததுபோல.

"அவ வீட்டுக்கு."

அண்டா குறுக்கே விழுந்தது. "ஏய், நீ சும்மா இரு. அந்தத் தெருவுக்குத்தான் வாராவாரம் நான் போறேனே. கோயில் அவங்களை என்ன ஒதுக்கியா வச்சிருக்கு?"

"நீ போறே, பெருவயிறே. கொடுக்கப் போறே, கொடுத்துட்டு வந்துடுறே. உன்னைக் கழுவிக் கவுத்துட்டா முடிஞ்சுது. இவரு போறது ஆளைச் சுமக்க. அதுதானே இடிக்குது?"

"இடிக்கும்தான்," என்றது பூட்டு கதவிலிருந்து. பூட்டுக்கு எப்போதும் அதிகாரத் தொனி. "பெரியவரே, நல்லா கேட்டுக்கும். ஒரு தடவை நீர் அந்தத் தெருவுக்குள்ள போனீர்னா மேலத்தெருக்காரன் எவனும் உமக்குள்ள படுக்க மாட்டான். படுக்க ஆளில்லாத பெட்டி எதுக்கு? பலகை பலகையாப் பிரிச்சு அண்டாவுக்கு அடியில எரிப்பான்."

அண்டா தன் கரிப்பிடித்த அடியை நினைத்து வாயை மூடிக்கொண்டது.

தூம்பா துணிக்குள் நடுங்கியது. பூட்டு சொன்னது மட்டும் அதற்குக் காரணமில்லை. அதனிடம் ஒரு ரகசியம் இருந்தது.

வெள்ளம் வந்த நாளில் கொட்டகைக் கதவு பெயர்ந்து தூம்பா மிதந்து போயிற்று. ஊரே பள்ளிக்கூட மாடியில் ஒதுங்கியிருந்தது. மேலத்தெருக் கடைசி வீட்டில், கால் பிசகி, பரணில் தனியாக மாட்டிக்கொண்டவர் சூசைராயர். பணிக்குழுத் தலைவர் அவர்தான். கொட்டகைச் சாவியும் அவர் இடுப்பில்தான். அவர் போட்ட கூச்சல் மேடான கோயில் மண்டபத்தில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அமலோற்பவத்துக்குக் கேட்டது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கினாள். மிதந்து வந்த தூம்பாவைப் பிடித்தாள். அவரை அதற்குள் உட்காரவைத்து, தோளால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டே வந்து கோயில் படியில் சேர்த்தாள்.

சூசைராயர் ஊரில் சொன்னது வேறு. "கயித்தைப் பிடிச்சு நானே வந்துட்டேன்." உயிரோடு சவப்பெட்டியில் ஏறியதைச் சொல்ல வெட்கம். தள்ளியது யார் என்பதைச் சொல்ல அதைவிட வெட்கம்.

தூம்பாவும் வாய் திறக்கவில்லை. கீழத்தெருத் தோள் தன்மேல் பட்டது வெளியே தெரிந்தால் தன் கதி என்ன என்ற பயம் அதற்கும் இருந்தது.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. சாவி திரும்பியது, பூட்டு விறைப்பாக வழிவிட்டது. சூசைராயர் உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது; உண்மையாகவே அழுதிருந்தார். பின்னால் பங்குச்சாமி, மணியடிக்கும் கோயில்பிள்ளை மதலைமுத்து, அமலோற்பவத்தின் மகள் பிரகாசி. கொஞ்சம் தள்ளி, தூறலில் குடை பிடித்தபடி மேலத்தெரு ஆட்கள்.

"இந்தா பாரும்மா பிரகாசி, எதுக்கும் கவலைப்படாதே. தார்ப்பாய் எடுத்துக்கோ. நாற்காலி எடுத்துக்கோ. அண்டாவும் வரட்டும், துக்க வீட்டுச் சாப்பாடு நம்ம குழுச் செலவு. உங்கம்மாவுக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"பெட்டி?" என்றாள் பிரகாசி.

சூசைராயர் தார்ப்பாயை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"எங்கம்மா இருந்தவரைக்கும் கேட்டதில்லை ஐயா. நான் கேட்கிறேன். பெட்டி வருமா?"

"அதுக்கும் யோசிச்சு வச்சிருக்கேம்மா." அவர் குரலில் உற்சாகம்கூட வந்தது. "உங்க தெருவுக்குன்னே புதுசா ஒரு தூம்பா. நல்ல தேக்கு. இதைவிட ஒசத்தி. பணிக்குழுவே செஞ்சு கொடுத்துடும். உங்கம்மா பேரையே போட்டுடலாம். என்ன சாமி?"

பங்குச்சாமி அண்டாவைப் பார்த்தார். இதில் அண்டா என்ன சொல்ல முடியும்?

"எங்களுக்குப் பெட்டிப் பஞ்சம்னா வந்தேன்?" பிரகாசியின் குரல் உயரவில்லை, அதனால்தான் குடைக்காரர்களுக்கும் கேட்டது. "புதுசு வேணாம் ஐயா. இதுல இடம் வேணும்."

குடைகள் தூம்பா இருந்த மூலைப் பக்கம் திரும்பின.

"வாயைத் திறந்தீர்னா விறகுதான்," என்று பூட்டு தூம்பாவிடம் கிசுகிசுத்தது.

"திறக்காட்டா மட்டும் நீர் என்ன, வெறும் பலகைதானே?" என்றது துடுப்பு.

தூம்பாவுக்கு அந்த வெள்ளத்தின் நடுவே தன் விலாவில் அழுந்திய தோள் நினைவுக்கு வந்தது. மூச்சிரைக்க அவள் சொன்னதும். "ஆடாதீங்க ஐயா, இந்தா வந்துட்டோம்." நீ வா என்றோ நான் வந்தேன் என்றோ சொல்லவில்லை. வந்துட்டோம் என்றாள்.

"ஐயா," என்றது தூம்பா.

மதலைமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். குடைகள் ஓரடி பின்னால் போயின.

"ஐயா, அன்னைக்கு நீங்க உள்ளே இருந்தீங்க. அவ வெளியே நின்னு தள்ளினா. இன்னைக்கு அவ உள்ளே இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தியது. "வெளியே ஆள் வேணும்."

சூசைராயர் சிரிக்கப் பார்த்தார். "மழை ஈரத்துல மரம் முனகுது..." சிரிப்பு வரவில்லை.

"என்ன சொல்லுது இது?" பிரகாசி தூம்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அன்னைக்கு அம்மா தெப்பமா நனைஞ்சு வந்தா. எங்கே போனேன்னு கேட்டேன். பெரிய மீன் ஒண்ணைக் கரைசேர்த்துட்டு வர்றேன்னு சிரிச்சா. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. அது நீங்களா?"

இல்லை என்று சொல்ல சூசைராயர் வாயெடுத்தார். ஊர் நம்பும், மரத்தின் பேச்சை விட்டுவிட்டு அவர் பேச்சைத்தான் நம்பும். ஆனால் அவள் சொல்லவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. தெருவில் சொல்லியிருப்பாள், மகளிடமாவது சொல்லியிருப்பாள் என்று இத்தனை நாளும் அவளைக் கண்டாலே விலகிப் போய்க்கொண்டிருந்தார். அவர் மானத்தையும் சேர்த்தல்லவா அவள் கரைசேர்த்திருக்கிறாள்.

தார்ப்பாய் கையிலிருந்து நழுவியது. அவர் மூலைக்குப் போய்க் கறுப்புத் துணியை விலக்கினார்.

"நான்தாம்மா," என்றார்.

"ராயரே, யோசிச்சுச் செய்யும்!" என்றது ஒரு குடை.

"யோசிச்சுத்தான்யா இத்தனை நாள் செய்யாம இருந்தேன்."

குனிந்து முன்மூலையைப் பிடித்தார். எதிர்மூலையில் பிரகாசி கை கொடுத்தாள். பின்மூலை ஒன்றை மதலைமுத்து, உதடு ஏதோ செபத்தை முணுமுணுக்க, தூக்கினார். நாலாவது மூலை தரையிலேயே கிடந்தது. தூம்பா சாய்ந்து, கீச்சிட்டு நின்றது. எல்லோரும் அந்த மூலையையே பார்த்தார்கள். குடைகளில் ஒன்றுகூட மடங்கவில்லை.

பங்குச்சாமி அங்கியைச் சுருட்டி இடுப்பில் செருகினார். "இதைத் தூக்கினா ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு நீங்க யாரும் வரமாட்டீங்கன்னு பயந்தேன்," என்றார் குடைகளைப் பார்த்து. "வராட்டிப் போங்க." நாலாவது மூலையும் எழுந்தது.

"இனிமே எங்க வீட்டுப் பொணம் அதுல ஏறாது! சொல்லிட்டோம்!" குடைகளுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"ஏறாட்டா நடந்து வரச் சொல்லு," என்றது துடுப்பு.

தூம்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் சொன்னதைச் செய்யும் என்று அதற்குத் தெரியும். அடுத்த சாவிலோ அதற்கடுத்ததிலோ கோடரி வரலாம். பயம் போகவில்லை, பயத்தோடேதான் போயிற்று. கோயில் வாசல் கடந்து, மேலத்தெருவின் பாதி மூடிய சன்னல்களைக் கடந்து, ஒருநாளும் திரும்பியிராத அந்தத் திருப்பத்தில் திரும்பியது. அண்டா நிறைந்து போகிற தெருவுக்குள் தூம்பா காலியாகப் போயிற்று.

கீழத்தெருவில் முதலில் யாரும் நம்பவில்லை. கட்டிக்கொண்டிருந்த மூங்கிலைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள். பிறகு வழிவிட்டார்கள்.

அமலோற்பவத்தை உள்ளே கிடத்தினார்கள். ஊரே இத்தனை காலம் பயந்த பாரம் அல்லவா, தாங்குவோமா என்று தூம்பா பலகையை இறுக்கிக்கொண்டது. தூக்கினார்கள்.

அன்று சூசைராயர் கனத்ததில் பாதிகூட அவள் கனக்கவில்லை.