வைக்கோல் உடலுக்கு மூன்று சொந்தக்காரர்கள்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அங்கே எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைக் கண்ணும் காதும் முடிவு செய்வதில்லை. அரண்மனை வாசலில் இருந்த முரசு முடிவு செய்தது. ஊர் வம்பு பொறுக்காமல் அரசரின் பாட்டனார் போட்ட சட்டம் அது. முரசு அறைந்தால் நடந்தது, அறையாவிட்டால் நடக்கவில்லை, மறுத்தவனுக்கு நாக்கு இல்லை. அந்தப் பாட்டனார் இறந்ததை முரசு உடனே அறையவில்லை. அறையும் வரை அவர் ஈ மொய்க்கத் தர்பாரில் வீற்றிருந்தார். மனு கொடுக்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மனுவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது ஆண்டுகொண்டிருந்தவர் பூபாலவர்மர். வயது எண்பதைத் தொட்டிருந்தது. முரசின்படி காளைப் பருவம், கருகருவென்ற மீசை. அவர் தர்பாரில் குறட்டை விட்டால், அரசர் நாட்டு நலனுக்காகத் தவத்தில் ஆழ்ந்தார் என்று முரசு அறையும். வடதேசத்துத் தூதரை ஒருநாள் ‘மாப்பிள்ளை’ என்று அழைத்துவிட்டார். இரு நாடுகளுக்கும் சம்பந்தம் ஏற்பட்டது என்று முரசு அறைந்தது. தூதர் சீர்வரிசை கேட்டு உட்கார்ந்துகொண்டார். தளபதி வீட்டுச் சாவுக்குப் போய், பிணத்தின் மேல் அட்சதை தூவி, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்தியபோது மட்டும் முரசே சற்று நேரம் திகைத்து நின்றது.

பானை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஏரி நிரம்பி வழியும் ஆண்டில், ஒவ்வொரு வீட்டாரும் தங்களை ஆள வேண்டியவரின் பெயரை ஓலை நறுக்கில் எழுதிப் பானையில் போடுவது அந்நாட்டு வழக்கம். பூபாலவர்மரை எதிர்த்து நின்றவர் அவருடைய சிற்றப்பா மகன் உத்தண்டர். அரசரைவிட மூன்று வயது இளையவர். அந்த மூன்றை முப்பதுபோல் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்கென்று தனியாக ஒரு தம்பட்டமும் உண்டு. போன மாதம் எல்லை தெரியாமல் பக்கத்து நாட்டுக்குள் போய், ‘உங்களைப் பகைவரிடமிருந்து காப்பேன்’ என்று பகைவர்களிடமே முழங்கிவிட்டு வந்தார். தம்பட்டம் அதைத் திக்விஜயம் என்றது.

சந்தையில் இதே பேச்சுதான். ஆனால் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு பேசினார்கள்.

“எங்காளு தூங்குறாரு, ஒத்துக்கிறேன். தூங்குற ராசாவால யாருக்கும் கெடுதல் இல்ல. உங்காளு முழிச்சுக்கிட்டே உளர்றாரு.”

“நின்னுக்கிட்டு உளர்றாருய்யா. உங்காளைத் தூக்கி நிறுத்தவே நாலு பேர் வேணும்.”

காவலன் நிழல் தெரிந்தால் இருவரும் உப்பு விலைக்குத் தாவிவிடுவார்கள்.

பானை நாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் அரசருக்கு மனம் தெளிவாக இருந்த ஒரு மாலை வாய்த்தது. அரசவை விகடன் மாசிலாமணியைக் கூப்பிட்டார். “ஊர் என்னைப் பற்றிப் பேசுவதை நான் கேட்க வேண்டும். முரசு சொல்வதை அல்ல, ஊர் சொல்வதை. ஒரு சொல்லும் மாறாமல் நாளைப் பிற்பகல் தர்பாரில் அது என் காதில் விழ வேண்டும். மாறினால் உன் தலை உனக்கில்லை” என்றார்.

பக்கத்தில் நின்ற தலைமை அமைச்சர் திரிலோகராயர் புன்னகைத்தார். அரசரின் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து முத்திரை மோதிரம் அவர் விரலில்தான் இருந்தது. அந்த முத்திரை விழுந்த ஓலை எதுவானாலும் முரசு அறையும். நாட்டை அவர் ஆண்டார்; ஆனால் அரசர் சிரிப்பது மாசிலாமணியைப் பார்த்து மட்டுமே. அது ராயருக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

மறுநாள் காலை மாசிலாமணி சந்தையில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தான். கடைக்காரி ஒரு கவுளி வெற்றிலையை நீட்டினாள். அப்போது முரசு அதிர்ந்தது.

“அரசவை விகடன் மாசிலாமணி நேற்று ஆற்றோடு போனான். உடல் கிடைக்கவில்லை. இன்று பொழுது சாயுமுன் வைக்கோல் உடலுக்குத் தீ.”

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வெற்றிலையைக் கூடையில் வைத்தது. அவள் பார்வை அவன் முகத்திலிருந்து வழுக்கிப் பின்னாலிருந்த சுவரில் போய் நின்றது. அவன் பெயர் சொல்லி அழைத்தான். அவள் காற்றுக்குச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எதிரே வந்த வண்டிக்காரன் அவன் மேலேயே ஓட்டினான். மாடுதான் ஒதுங்கியது. மாட்டுக்குச் சட்டம் தெரியாது.

உடல் கிடைக்காத சாவுக்கு வைக்கோலால் உடல் கட்டி அன்றே எரிக்க வேண்டும் என்பது அந்த ஊர் முறை. எரித்துவிட்டால், பிறகு ஆளே திரும்பி வந்தாலும் பேய்தான். எரியாமல் பொழுது சாய்ந்தால் அந்தச் சாவு செல்லாது. ஆனால் முரசு சொன்ன சாவு எதுவும் எரியாமல் போனதில்லை. ராயர் வைக்கோலுக்குக் குறை வைப்பதில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று மாசிலாமணி சொன்னால் முரசை மறுத்த குற்றத்துக்கு நாக்கு போகும். சொல்லாமல் இருந்தால் மாலையில் ஆளே போய்விடுவான்.

ஒரு லாபம் இருந்தது. அவன் அருகில் நிற்கையில் யாரும் துண்டால் வாயை மூடவில்லை. செத்தவன் காதுக்கு யார் பயப்படுவார்கள்? அரசர் கேட்ட அத்தனையும் அவனுக்கு ஒரு நாழிகையில் கிடைத்துவிட்டது. கேட்கக் கேட்க அவனுக்குக் கை கால் குளிர்ந்தது. அவனைப் பற்றியும் பேசினார்கள், அவன் தோளுக்கு மேலேயே.

வீட்டு வாசலில் இரண்டு காவலர்கள். முற்றத்தில் அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு வைக்கோல் உடல் ஒன்று படுத்திருந்தது. அவன் மனைவி செங்கமலம் அவன் பக்கம் திரும்பவில்லை. சோற்று உருண்டையைச் சுவர் மேல் வைத்துவிட்டுக் காக்கையிடம் பேசினாள்.

“வந்தியா? கிழிஞ்ச வேட்டியைத்தான் குடுத்தேன். நல்லதை எரிக்க மனசு வரல. பொழுது சாயறப்போ நான்தான் கொள்ளி வைக்கணுமாம்.” காக்கை தலையைச் சாய்த்துக் கேட்டது. “செத்தவன் எங்கேயும் போகலாமாம், ஒருத்தனும் மறிக்க மாட்டானாம். ஊரையே ஏய்ச்ச மனுசனுக்கு இதுகூடவா விளங்காது?”

சோறு ஒட்டியிருந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாசிலாமணி நேரே அரண்மனைக்கு நடந்தான். வாசல் காவலர்களின் ஈட்டிகள் காற்றுக்கு விலகுவதுபோல் விலகின. தர்பார் நிறைந்திருந்தது. அரசர் நிமிர்ந்து பார்த்தார்.

“தாமதமாக வந்திருக்கிறாய், மாசிலாமணி.”

ராயர் கைகூப்பினார். “பெருமானே, அங்கே யாரும் இல்லை. அவன் ஆற்றோடு போய்விட்டதாக முரசு சொல்லிவிட்டது.”

அரசர் சபையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாத் தலைகளும் ஆமாம் என்று அசைந்தன. அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். “அப்படியா. நேற்று அரசியும் வந்திருந்தாள். அவளையும் யாரும் பார்க்கவில்லை என்றார்கள்” என்றார் மெல்ல. அரசி இறந்து வெகுகாலம்.

தன் கழுத்தை நினைத்துக்கொண்டு வந்த மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முற்றத்தில் படுத்திருக்கும் வைக்கோலோடு இந்தக் கிழவரின் புத்தியையும் சேர்த்து எரிக்கப்போகிறார்கள்.

“ராயர் சொல்வது உண்மை, மன்னா. நான் செத்துவிட்டேன். முரசை மறுக்க நான் யார்?” என்றான்.

சொல்லிவிட்டு ராயரிடம் போனான். அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு வாய் மென்றான். தலைப்பாகையைக் கழற்றித் தான் சூடிக்கொண்டான். ராயர் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மோதிரத்தைத் திருகினான். விரல் கொழுத்திருந்தது, வரவில்லை. விளக்கிலிருந்து எண்ணெய் தொட்டுத் தடவினான். ராயரின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. கையை இழுத்துக்கொண்டால், பிடித்த கை ஒன்று அங்கே இருப்பதாக ஆகிவிடும். மோதிரம் கழன்றது.

எழுத்தரின் முன்னாலிருந்து ஓலையும் எழுத்தாணியும் எழுந்து போயின. எழுத்தர் பார்க்கவில்லை. வாசலில் முரசறைவோனிடம் ஓலை நீட்டப்பட்டது. நீட்டிய கை அவனுக்குத் தெரியவில்லை. முத்திரை நன்றாகத் தெரிந்தது.

“தலைமை அமைச்சர் திரிலோகராயர் வெற்றிலை தொண்டையில் அடைத்துக் காலமானார்.”

“பொய், நான் இருக்கிறேன்” என்று எழுந்தார் ராயர். சபையின் கண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை விட்டு வழுக்கிப் போயின. பக்கத்தில் இருந்த சேனாபதி காலி ஆசனம் என்று நினைத்தவர்போல் அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். ராயர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். சேனாபதி குளிர் காய்ச்சலோ என்று முனகினார்.

“மறுக்காதீர்கள் ராயரே, நாக்கு போய்விடும். முதல் நாள்தான் கொஞ்சம் குளிரும்” என்றான் மாசிலாமணி.

அரசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவனும் தெரிகிறான், அவனும் தெரிகிறான். கோளாறு என் கண்ணில் இல்லை” என்றார். முகம் தெளிந்தது. “சரி. ஊர் என்ன பேசுகிறது?”

“நான் சொன்னால் அது என் சொல்லாகிவிடும், மன்னா, செத்தவன் சொல் சாட்சியாகாது. தாங்களே வந்து கேட்டால் ஒரு சொல்லும் மாறாது. ஆனால் அரசராக வந்தால் ஊர் வாயை மூடிக்கொள்ளும்.” மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

அரசர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அறையச் சொல்” என்றார்.

முரசு மூன்றாம் முறை அதிர்ந்தபோது செத்தவர்கள் இருவர் அரண்மனைப் படியிறங்கினார்கள். அரசரைத் தெரிந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். தெரியாதவர்களே அதிகம், அவர்கள் அறிந்த அரசருக்குக் கறுத்த மீசை. சந்தைக்குள் நுழைகையில் எண்ணெய்க் கடையில் ஒருவன் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தான்: “இருந்தும் கெடுத்தாரு, செத்தும் கெடுத்தாரு. நாளைக்குப் பானையை வெச்சுக்கிட்டு இன்னிக்கா சாவாரு?”

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருவாடு விற்றுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன பெரியவரே, ராசா செத்த அன்னிக்கிச் சிரிக்கிறீரு? காவக்காரன் பார்த்தா தோலை உரிச்சுருவான்.” அவர் பக்கத்தில் நின்ற மாசிலாமணியை அவள் பார்க்கவில்லை, அவன் செத்தது அவளுக்குத் தெரியும்.

“அவருக்கு வயதாகிவிட்டது என்பதுதான் குற்றமா, அம்மா?” என்று கேட்டார் அரசர்.

“வயசானதுக்கு யாரு கோவிச்சுக்குவா? எங்க மாமனாருக்கும் இந்த வயசுதான். என்னை அவரு ஆத்தா பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு. கூப்பிட்டுட்டுப் போறாரு. மொதச் சோறு அவருக்குத்தான் போடுறேன். வீட்டுச் சாவியை மட்டும் குடுக்கமாட்டேன்.” ஒரு கருவாட்டைத் தட்டிக் கூடையில் போட்டாள். “ராசா வீட்டுல அதைச் சொல்ல ஒரு மருமக இல்ல பாவம். சாவி எவன்கிட்டயோ இருந்திருக்கு, சோறாவது ஒழுங்காப் போட்டாங்களோ என்னமோ.”

மாசிலாமணி அரசரைச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போனான்.

அங்கே வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. சிதையில் வைக்கோல் உடல். காவலர்கள் நடுவில் செங்கமலம் கொள்ளியோடு நின்றாள். பொழுது போகட்டும் என்று மூன்று முறை சுற்ற வேண்டியவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். காவலன் ஒருவன் அவளை அதட்டினான். எரிக்காதே என்று மாசிலாமணி கூவினால் நாக்கு போகும். கூவாவிட்டால் அவள் அவனுக்கு இல்லாமல் போவாள்.

“இருப்பது ஒரே உடல்” என்றார் அரசர். “இன்று முரசு சொன்ன சாவோ மூன்று. மூத்தவன் நான்தான்.”

தோளிலிருந்த பட்டு உத்தரீயத்தை எடுத்து வைக்கோலின் மேல் போர்த்தினார். செங்கமலத்தின் கையிலிருந்த கொள்ளியை வாங்கினார். அவள் கொடுத்தாள். காவலர்கள் கண்ட காட்சி இதுதான்: அரசரின் பட்டைப் போர்த்திக்கொண்ட ஓர் உடலுக்குத் தானாகத் தீ வந்து பற்றியது. முரசு சொன்ன சாவு எரிந்துவிட்டது. அவர்கள் கும்பிட்டுவிட்டு வேகமாகவே நடையைக் கட்டினார்கள்.

தீயில் வைக்கோல் உடல் முறுக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. ஒரு கை மேலே போய், சபையை அடக்குவதுபோல் அசைந்து, விழுந்தது. அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். “என்னைப் போலவே இருக்கிறான், எதற்குக் கையைத் தூக்கினோம் என்பது அவனுக்கும் மறந்துவிட்டது” என்று கண்ணீர் வரச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். போடும்போது வேறு யார் பெயரையோ சொல்லி வாழ்த்தினார். மாசிலாமணி அந்தப் பெயருக்கும் சேர்த்து வணங்கி வாங்கிக்கொண்டான்.

பொழுது சாய்ந்தது. எரியாத சாவு செல்லாது. செங்கமலம் அன்றைக்கு முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“காலைலேருந்து வெறும் வயிறுதானே? வாங்க. பெரியவரையும் கூப்பிடுங்க” என்றாள்.

திரிலோகராயருக்கு வைக்கோல் கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனவே இருட்டியதும் அவரும் உயிர் பெற்றார். மோதிரம்தான் திரும்ப வரவில்லை.

மறுநாள் பானை நாள். செத்தவர் போட்டியில் நிற்க முடியாது என்பதால் உத்தண்டர் வென்றார். மாலையில் அரண்மனைக் காவலர் புடைசூழ முரசு சந்தைக்கே வந்தது. புதிய அரசருக்கு வயது முப்பது என்றும், அவர் வாயிலிருந்து இதுவரை பிழையான சொல் ஒன்றும் வந்ததில்லை என்றும் அறைந்தது. சந்தை தலை குனிந்து கேட்டது.

கருவாட்டுக் கூடைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. நிதானமாக, அடக்காமல், கிழட்டு இருமலோடு கலந்து வந்தது. துண்டுகளுக்குள்ளிருந்து இன்னும் சில சிரிப்புகள் அதோடு சேர்ந்தன. காவலர்கள் ஈட்டியோடு பாய்ந்துபோய்க் கூடைகளை விலக்கினார்கள். கவிழ்த்த கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்த முகத்தை ஆயுள் முழுவதும் சேவித்தவர்கள் அவர்கள்.

பார்த்தார்கள். சட்டப்படி அங்கே யாரும் இல்லை. கூடைகளைப் பழையபடி அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள். சிரிப்பு அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது.