நடுவில் விழுந்த வீடுகள்

ஆராய்ச்சி மாணவர் தெய்வசிகாமணிக்கு நாற்பது வயது. அவருடைய பேராசிரியை ஃபரிதா அவரைவிடச் சின்னவர். ஆனாலும் எதைக் கேட்பதென்றாலும் "மேடம்" என்று எழுந்து நின்றுதான் கேட்பார்.

அன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவரின் முகம் நன்றாகவே வாடியிருந்தது.

கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய், மீன் குழம்பு வைக்கும் முறையைக் கேட்டு எழுதி வந்திருந்தார். தேங்காய் உண்டா, புளியை எப்போது விடுவார்கள், வெந்தயம் தாளிப்பார்களா என்று ஒன்று விடாமல். கம்ப்யூட்டருக்கு நாக்கு கிடையாது, பாவம். கொடுத்த பதில்களை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் திரையில் ஒரு புள்ளி வைத்து, ஒரே மாதிரி சமைக்கிறவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கூட்டம் பிரிக்கும். நாகப்பட்டினம் பக்கம் ஒரு கூட்டம், குமரிப் பக்கம் ஒரு கூட்டம். இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக வளர்ந்த சமையல் என்பதுதான் அவருடைய ஆய்வேடு.

"நடுவுல கொஞ்சம் வீடுங்க எந்தப் பக்கமும் சேர மாட்டேங்குது, மேடம். அதுங்க இருக்கிற வரைக்கும் ரெண்டு கூட்டத்தையும் பிரிச்சுக் கோடு போட முடியல. கோடு இல்லன்னா ஆய்வேடே இல்ல. எடுத்துடலாமா?"

"அந்த வீட்டுக்காரங்க தப்பா சொல்லிட்டாங்களா?"

"இல்ல, சரியாத்தான் சொன்னாங்க."

"உங்க வீட்ல இன்னிக்கு என்ன சமையல்?"

"மீன் குழம்பு."

"வாங்க, உங்க வீட்டுலயே சாப்பிட்டுட்டே பேசுவோம்."

தெய்வசிகாமணி நாகப்பட்டினத்துக்காரர். மனைவி ஜெசிந்தாவுக்குக் குளச்சல். இந்தக் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அது பழைய கதை.

இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டபோது ஃபரிதா கேட்டார். "இது எப்படி வைக்கிறீங்க?"

"கல்யாணமான புதுசுல ரெண்டு சட்டி வச்சேன், மேடம்" என்றாள் ஜெசிந்தா. "நான் தேங்கா அரைச்சு வச்சா இவிய தொடமாட்டாவ. இவிய அம்மா சொன்னபடி வச்சா எனக்கு இறங்காது. ரெண்டு சட்டி கழுவி அலுத்துப் போச்சு. பொறவு வெந்தயமும் நல்லெண்ணெயும் இவிய வீட்டுப்படி, கடைசியில கொஞ்சம் தேங்காப்பால் என் இஷ்டப்படி. இப்ப கீழ் வீட்லயும் எதிர் வீட்லயும்கூட இப்படித்தான் வைக்காவ."

"இந்த வீட்டையும் சேருங்க" என்றார் ஃபரிதா.

தெய்வசிகாமணி கை கழுவிவிட்டு வந்து, ஊரெல்லாம் கேட்ட கேள்விகளுக்குத் தன் வீட்டுப் பதில்களை அடித்தார். புள்ளி நேராக நடுவில் வந்து விழுந்தது, அவர் எடுத்துவிட நினைத்த வீடுகளுக்கு மத்தியில்.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "இதா நம்ம வீடு?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருட உழைப்பை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

"அப்ப கோட்டை நான் எங்கதான் போடுறது, மேடம்?"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போட்டுப் பாருங்க" என்றார் ஃபரிதா.