எந்த கிட் உசத்தி?

கோயமுத்தூரில் உண்மையே பேசுவோர் சங்கம் என்று ஒன்று இருந்தால், நூல் கமிஷன் ஏஜெண்ட் செங்கோட்டுவேலுவை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். நல்ல வேளையாக அவர் சேர்ந்தது போர் விமான மாடல் செய்வோர் சங்கம். பல் டாக்டர் மரகதவள்ளியின் கிளினிக்கில், நோயாளிகள் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஹாலில், ஞாயிறுதோறும் காலை பதினோரு மணிக்கு அது கூடும். பெட்டியில் கிட்டாக வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்துச் சின்னச் சின்ன ஃபைட்டர் ஜெட் செய்வார்கள். எந்த கிட் உசத்தி, எது மட்டம் என்று அடித்துக்கொள்வார்கள்.

டாக்டரம்மாதான் செயலாளர். அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு ஒரு மாடலாவது செய்து முடித்து மேஜையில் வைக்க வேண்டும். வைக்காதவர் பெயரை நோட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். இன்றைக்கு மதியம் ஒரு மணியோடு கெடு முடிகிறது. ஒன்பது பேர் வைத்தாயிற்று. செங்கோட்டுவேலு மட்டும் ஒரு துணிப்பையைக் காலடியில் இடுக்கிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெயரை அடிக்க டாக்டரம்மாவுக்குத் துளியும் மனசில்லை. அந்த மனுஷன் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்பது வெறும் உப்புத்தாள் சத்தம்தான். ஆனால் தான் போட்ட விதியைத் தானே மீறினால் லேத் பட்டறை நாச்சிமுத்து சும்மா விடமாட்டார். சட்டைப் பையில் வெர்னியர் அளவுகோலோடு சுற்றுகிறவர் அவர். வீட்டில் தோசையைக்கூட அளந்து பார்த்துத்தான் வாயில் வைப்பார் என்று ஊரில் பேச்சு.

"மாடல் எங்கீங்க?" என்றார் நாச்சிமுத்து, எடுத்த எடுப்பில்.

"இருங்க, சொல்றனுங்க. மொதல்ல ஜப்பான் கிட்டு ஒண்ணு வாங்கினேன். தரம்னா அது தரமுங்க. ஒடம்பு ரெண்டு பாதியையும் சும்மா பக்கத்துல கொண்டு போனேன். பசைகூடப் போடலை. படக்குனு சேர்ந்துக்கிச்சு. எங்க சேர்ந்துச்சுன்னே தெரியலை. லென்ஸ் வெச்சுப் பாத்தேன், கோடே காணோம்!"

"சரி, அதைக் கொண்டாந்து வெக்கறது."

"எங்கீங்க வெக்கறது? என்ற கல்யாண மோதிரம் உள்ள சிக்கிக்கிச்சு. பிரிக்கப் பாத்ததுல மூணு ரம்பம் ஒடைஞ்சுது. என்ற ஊட்டுக்காரி, இனி இது ஜெட்டு இல்லை, நகைன்னு சொல்லி பேங்க் லாக்கர்ல வெச்சுப் பூட்டிட்டா."

டாக்டரம்மா கழுத்தில் தொங்கிய மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிக்கொண்டார். சிரிப்பு வந்தால் அவர் செய்கிற காரியம் அது.

"ஜப்பான் கிட்டு நல்லாத்தான் சேரும்" என்று நாச்சிமுத்து அந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டார். "மட்டமான கிட்டை வாங்கிப் பாத்தாத்தான் தெரியும் பாடு."

"வாங்காம இருப்பனுங்களா! எந்த நாட்டுதுன்னு மட்டும் கேக்காதீங்க, பாவம். ரெக்கைக்கும் ஒடம்புக்கும் நடுவுல சந்து. பட்டி வெச்சேன். ஒரு டியூப்பு, ரெண்டு டியூப்பு, ஒரு டஜன் டியூப்பு, உள்ள போய்க்கிட்டே இருக்குது. கடைசியில கொத்தனாரைக் கூட்டியாந்தேன். எட்டிப் பாத்துட்டு, 'இதை எதுக்குங்க அடைக்கறீங்க, நெலை வெச்சுக் கதவு போட்டா ஒரு ரூம் ஆச்சே'ன்னாரு. நான் ஒத்துக்கலை. சிமெண்டு பூசி, சாக்குப் போட்டு, இருபத்தியோரு நாள் தண்ணி ஊத்தினோம்."

"அப்புறம்?"

"வீட்டு வரிக்காரங்க வந்து அதுக்குக் கதவு நம்பர் எழுதிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எடத்தை விட்டு நகத்த முடியுமுங்களா?"

ஹாலில் உப்புத்தாள் சத்தம் நின்றுபோயிருந்தது. ஒன்பது பேரும் கையில் வைத்திருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் செங்கோட்டுவேலுவுக்கு இன்னும் குஷி.

"அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. மூணாவதா வந்துது பாருங்க, அதுதான் கிட்டு! பைலட் முன்னால கடுகு சைஸுல மீட்டரு. லென்ஸ் வெச்சா, உயரங்காட்டுற முள்ளு கோயமுத்தூர் உயரத்தை அச்சு அசலாக் காட்டுது."

"அது அச்சடிச்ச ஸ்டிக்கருங்க. முள்ளு எப்படி நகரும்?"

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். சோதிச்சுப் பாத்தர்லாம்னு கார்ல முன்னால வெச்சு ஊட்டிக்கு ஓட்டினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முள்ளு ஏறுது! குன்னூர்ல நிறுத்தி ஒரு டீ குடிச்சேன். அண்ணாந்து பாத்தா, வானத்துல நெஜ ஜெட்டு ஒண்ணு வட்டம் போடுது. என்ற ஜெட்டைத் தன்னோட ஜோடின்னு நெனைச்சுக்கிச்சு. ரெக்கையை ஆட்டிக் கூப்பிடுது. என்றது கார்ல கெடந்து துடிக்குது. நான் என்னங்க பண்றது? நாட்டுப் பாதுகாப்பு விஷயம். கார்க் கண்ணாடியை எறக்கி விட்டுட்டேன்."

"போயிருச்சா?"

"போயிருச்சு. போன மாசம் புரமோஷன் ஆயிருச்சுன்னு லெட்டர் வந்துது."

ஹாலே குலுங்கியது. நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு லாக்கர்ல, ஒண்ணுக்குக் கதவு நம்பர், ஒண்ணு பட்டாளத்துல. மேஜையில ஒண்ணையும் காணோம். ஒரு மணியாகப் போவுது. பேரை அடிங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா நோட்டைத் திறந்தார். எத்தனையோ கடைவாய்ப் பற்களை ஒரே இழுப்பில் பிடுங்கிய கை, பேனாவைப் பிடிக்கத் தயங்கியது. அவருக்கு நாச்சிமுத்து மேலும் கோபம், விதி மேலும் கோபம், விதியைப் போட்ட தன் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

"அண்ணா, நெஜமாச் சொல்லுங்க. ஒண்ணுகூடச் செய்யலீங்களா?"

செங்கோட்டுவேலு குனிந்து, காலடியில் இருந்த பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு ஜெட்டை மேஜையில் வைத்தார்.

அது ஜெட்தான். ஒரு இறக்கை கூரையையும் ஒன்று தரையையும் பார்த்தது. சக்கரம் ஒன்று பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. நம்பர் ஸ்டிக்கர் தலைகீழ். பைலட் சீட்டின் கண்ணாடி மூடி மேல் பசையில் ஒரு பெருவிரல் ரேகை அழுத்தமாகப் பதிந்திருந்தது.

"எட்டு மாசமுங்க" என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல். "ஜப்பான் கிட்டுதான். ஒரு குத்தம் சொல்ல முடியாது. என்ற கைதான் மட்டம். காட்ட வெக்கமா இருந்துச்சு, அதான் பேசிட்டே இருந்துட்டேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். மனசு நிறைந்து போயிற்று. புளுகையே கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்த உண்மையை என்ன செய்வதென்று புரியவில்லை. நாச்சிமுத்துவுக்குத்தான் ரொம்பச் சங்கடம். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாமென்று குனிந்து, கைரேகைக்குப் பக்கத்தில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்.

"ஏனுங்க, சீட்டு காலியா இருக்குதே. பைலட் எங்கீங்க?"

செங்கோட்டுவேலு மெல்லத் தலையைத் தூக்கினார். ஜெட்டைப் பார்த்தார். நாச்சிமுத்துவைப் பார்த்தார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

"ஏறத்தானுங்க வந்தான். ரெக்கையை ஒரு சுத்து சுத்திப் பாத்தான். 'நீங்க முன்னால போங்க, நான் பஸ்ஸுல வந்தர்றேன்'னுட்டான்."